மூச்சைப் பிடிச்ச கிரேன்காரர்

அவரோட நிஜப் பேரு ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு மட்டும்தான் தெரியும். சைட்ல அத்தனை பேருக்கும் அவரு மேலோகம். டவர் கிரேன் ஓட்டுறவரு. காலையில டிபன் டப்பாவையும் தண்ணி பாட்டிலையும் தோள்ல மாட்டிக்கிட்டு அந்தக் கம்பி ஏணியில ஏற ஆரம்பிச்சாருன்னா, சாயங்காலம்தான் தரையில கால் வைப்பாரு. நடுவுல யாராவது புதுசா வந்து, "ஆபரேட்டர் எங்கப்பா?"ன்னு கேட்டா, "அவரு போய்ச் சேர்ந்துட்டாரு"ன்னு வானத்தைக் காட்டுவாங்க. வாக்கி-டாக்கியில அது மேல வரைக்கும் கேக்கும். அவரும் தனியா உக்காந்து சிரிச்சுக்குவாரு.

அந்தக் கேபின் ஒரு பெட்டி மாதிரி. முன்னாடியும் காலுக்குக் கீழயும் கண்ணாடி. ஒரு நாற்காலி, ரெண்டு பக்கமும் கைக்கு ஒரு லிவர். அவ்வளவுதான். அங்க இருந்து பாத்தா ஆளுங்க எல்லாம் ஹெல்மெட்டுதான். மஞ்சளா ஒரு புள்ளி, நீலமா ஒரு புள்ளி. பள்ளம் எது மேடு எதுன்னு தெரியாது, எல்லாம் தட்டையாத்தான் தெரியும். அதுக்குத்தான் கீழ நின்னு கை காட்ட ஒருத்தர் வேணும். அவரு பேரு கைகாட்டி. மேலோகமும் கைகாட்டியும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க. ஒருத்தரை ஒருத்தர் திட்டாம ஒரு நாள் போகாது.

மேலோகத்துக்கு வேலையில ஒரே ஒரு வைராக்கியம். லோடு ஆடக் கூடாது. கம்பிக் கட்டு தொங்கும்போது எந்தப் பக்கம் ஆடப் பாக்குதோ, அந்தப் பக்கமே கொக்கியைக் கூடவே நகர்த்தி அதை அமுக்கிடுவாரு. இறக்கி வைக்கிற அந்தக் கடைசி நேரத்துல மூச்சைப் பிடிச்சுக்குவாரு. தான் மூச்சு விட்டா லோடு ஆடிடும்னு அவருக்கு ஒரு எண்ணம். கீழ தரையைத் தொட்டு, கைகாட்டி "ஓகே"ன்னு சொன்ன பிறகுதான் ஹப்பான்னு விடுவாரு. இது ஊறிப்போய், வீட்டுல டம்ளர் நிறைய டீ ஊத்திக் குடுத்தாக் கூட மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் வாங்குவாரு. அவரு சம்சாரம், "டீதாங்க அது, ரெண்டு டன் கம்பி இல்ல"ன்னு தலையில அடிச்சுக்கும்.

ஞாயித்துக்கிழமை தவறாம சபைக்குப் போவாரு. கடைசி வரிசை, ஃபேனுக்கு அடியில. ஆண்டவர் மேல அவருக்கு நம்பிக்கை இல்லாம இல்ல. நிறையவே உண்டு. ஆனா மனசுக்குள்ள அந்த ஆண்டவர் இவரு மாதிரியே ஒரு கேபின்ல உக்காந்திருந்தாரு. ரொம்ப உயரத்துல, எல்லாத்தையும் பாத்துக்கிட்டு, ஆடாம அசையாம. அவரோட ஜெபமும் எப்பவும் ஒண்ணுதான். "மேல இருக்கறவரே, ஆடாம பாத்துக்கங்க."

கைகாட்டிக்கு சாமி பூதம் எதுவும் கிடையாது. ஒரு தடவை நல்ல மழை. முழங்கால் வரைக்கும் சேத்துல நின்னு கை காட்டிட்டு, சாயங்காலம் ஏணியில இருந்து இறங்குனவரைப் பிடிச்சுக்கிட்டாரு.

"யோவ் மேலோகம், உங்க ஆளு மேல. அவருக்குக் கீழ நீ. உன் சட்டையில ஒரு பொட்டு சேறு இருக்கா? எனக்கு மட்டும் என்னய்யா தலையெழுத்து?"

"பொறுப்புய்யா. மேல இருந்தாத்தான் எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சு என்ன பண்ண? ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க ஆளை இறங்கி வந்து இந்தச் சேத்துல நிக்கச் சொல்லு. அப்புறம் நானும் சபைக்கு வரேன்."

மேலோகம் யோசிக்கவே இல்ல. வேலையில சேர்ந்த முதல் நாள் சொல்லிக் குடுத்த சட்டத்தை எடுத்து விட்டாரு. "லோடு தொங்கும்போது ஆபரேட்டர் இறங்கக் கூடாது. உலகமே தொங்கிட்டு இருக்கு, அவரு எப்படிய்யா இறங்குவாரு?"

கைகாட்டி பூட்ஸ் சேத்தைக் கல்லுல தேய்ச்சுட்டுப் போயிட்டாரு. மேலோகத்துக்கு ரொம்ப திருப்தி. வீட்டுக்குப் போய் சம்சாரத்துக்கிட்டயும் சொல்லிக் காட்டுனாரு. அது துணி மடிச்சுக்கிட்டே, "என்னமோ தப்பா இருக்கற மாதிரி இருக்கே"ன்னு மட்டும் சொல்லுச்சு.

அவங்களுக்கு ஒரே பொண்ணு. மாப்பிள்ளை சரக்குக் கப்பல்ல வேலை. பொண்ணு மாசமானதும் அம்மா வீட்டுக்கு வந்துடுச்சு. "தாத்தா ஆகப் போறீங்க"ன்னு சைட்ல கிண்டல் பண்ணுனா, "பொறக்கட்டும், கழுத்து நிக்கட்டும், அப்புறம் தூக்குறேன்"னு சொல்லிடுவாரு. தன் பொண்ணையே அப்படித்தான் கழுத்து நின்ன பிறகு தூக்குனவரு. ஆடுற தலையைப் பாத்தாலே எழுந்து வேற பக்கம் போயிடுவாரு.

பிரசவத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் முழுசா இருந்துச்சு. ஒரு நாள் மதியம், கம்பிக் கட்டு ஒண்ணைத் தூக்கிட்டுத் திருப்புறாரு, வாக்கி-டாக்கியில கைகாட்டி குரல் வேற மாதிரி வருது. திட்டு இல்ல, கிண்டல் இல்ல.

"மெதுவா இறக்கு. இன்னும் கொஞ்சம். போதும். கொக்கியைக் கழட்டியாச்சு." அப்புறம், "இப்ப நீ இறங்கி வா."

"எதுக்கு? இன்னும் நாலு லோடு இருக்கே."

"இறங்கி வான்னா வாய்யா. உன் பொண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

லோடு தரையைத் தொடுற வரைக்கும் அந்த மனுஷன் விஷயத்தை வாயிலயே வச்சிருந்திருக்காரு. மேலோகத்துக்கு அது அப்ப உறைக்கல. ஏணியில எப்படி இறங்குனாருன்னும் தெரியாது. டிபன் டப்பாவைக் கேபின்லயே விட்டுட்டு வந்தது தரையில நின்னப்பதான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. பொண்ணுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி, ஜன்னி கண்டு, அவசரமா ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்துட்டாங்க. பொண்ணு ஐ.சி.யூ-ல கண்ணே திறக்கல. குழந்தை வேற மாடியில, கண்ணாடிப் பெட்டிக்குள்ள. சம்சாரம் வராந்தா பெஞ்சுல முந்தானையை வாயில வச்சுக்கிட்டு இருமிக்கிட்டே அழுதுச்சு. ஒரு வாரமா அதுக்கு ஜலதோஷம்.

"பேத்திங்க"ன்னு சொல்லுச்சு. "என்னை உள்ள விட மாட்டேங்குறாங்க. இருமுறவங்க வரக் கூடாதாம்."

மாப்பிள்ளைக்குத் தகவல் போயிடுச்சு. ஆனா கப்பல் நடுக்கடல்ல. கரையைப் பிடிச்சு வந்து சேர நாளாகும்.

மறுநாள் காலையில அந்த வார்டோட பெரிய சிஸ்டர் வெளிய வந்தாங்க. குட்டையான அம்மா, கறாரான பேச்சு. "குழந்தைக்கு யார் வந்திருக்கீங்க?"

சம்சாரம் இவரைப் பாத்துச்சு. இவரு பின்னாடி யாராவது இருக்காங்களான்னு திரும்பிப் பாத்தாரு.

"உங்களைத்தான் ஐயா. நீங்க தாத்தாவா?"

அந்த வார்த்தையை நிஜமா ஒருத்தர் வாயில இருந்து அப்பதான் முதல் தடவையா கேக்குறாரு. நெஞ்சுல யாரோ கை வச்சுத் தள்ளுன மாதிரி இருந்துச்சு. தலையை மட்டும் ஆட்டுனாரு.

"குழந்தை ரொம்ப சின்னது. அப்பப்ப மூச்சு விட மறந்துடுது. மருந்து போயிட்டு இருக்கு. ஆனா ஒரு ஆளோட நெஞ்சுச் சூட்டுல இருந்தா இன்னும் நல்லது. அம்மாவால முடியாது, அப்பா வரல, பாட்டிக்கு இருமல். நீங்கதான் வச்சுக்கணும். சட்டையில்லாம, நெஞ்சுல."

"நானா?"ன்னாரு.

"நகம் வெட்டி, குளிச்சிட்டு வாங்க."

"சிஸ்டர், நான் கிரேன் ஓட்டுறவன். டன் கணக்குல தூக்குறவன். இவ்வளவு சின்னதெல்லாம் எனக்குப் பழக்கமில்ல. கழுத்து வேற நிக்காது."

"உங்களைத் தூக்கச் சொல்லல. படுத்துக்கச் சொல்றேன்."

சம்சாரம் அழுகையோட அழுகையா, "கரடி மாதிரி நெஞ்சை வச்சிருக்கீங்களே, இதுக்காவது ஆகட்டும்"னு சொல்லுச்சு. அந்த நிலைமையிலயும் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

குளிச்சு, நகம் வெட்டி, சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவி, சாய்வு நாற்காலியில உக்கார வச்சாங்க. நாற்காலிக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி. பழக்கத்துல அவரு கை லிவரைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடிச்சுக்குச்சு. சிஸ்டர் பெட்டியைத் திறந்து குழந்தையை எடுத்து, வயரும் குழாயுமா, அவரு நெஞ்சுல குப்புறப் படுக்க வச்சு, தலையை ஒரு பக்கமாத் திருப்பி, ஒரு துணியால ரெண்டு பேரையும் சேத்துக் கட்டிட்டாங்க.

கனமே இல்ல. அதுதான் அவரை அப்படியே உலுக்கிடுச்சு. கிரேன் கொக்கியில மாட்டுற ஒரு இரும்புப் பின்னு இதை விட கனமா இருக்கும். தோல் பழுத்த பழம் மாதிரி, தொட்டாக் கிழிஞ்சிடும் போல. காலு அவரு கட்டை விரல் அளவுக்குத்தான். அந்தக் காலுல ஒரு சின்ன சிவப்பு லைட்டைக் கட்டி விட்டிருந்தாங்க. பக்கத்துல மானிட்டர்ல கோடு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

மேலோகத்துக்கு மனசுல ஒண்ணே ஒண்ணுதான். ஆடக் கூடாது. அவரு வாழ்க்கையில தொங்குன லோடுலயே இதுதான் பெரிய லோடு. நெஞ்சு ஏறி இறங்குனா குழந்தை ஆடும். அதனால என்ன பண்ணாரு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டாரு.

முடிஞ்ச வரைக்கும் பிடிச்சாரு. திருட்டுத்தனமா கொஞ்சூண்டு இழுத்துக்கிட்டு மறுபடியும் பிடிச்சாரு. "மேல இருக்கறவரே, ஆடாம பாத்துக்கங்க"ன்னு உள்ளுக்குள்ள ஜெபம் ஓடுது. முகம் சிவந்து, கண்ணு பிதுங்கி, சிலை மாதிரி கிடக்குறாரு. அப்ப மானிட்டர் கத்த ஆரம்பிச்சுது.

கோடு படுத்துக்கிச்சு. நெஞ்சுல இருந்த உடம்பு அசையவே இல்ல. உதடு நீலமா மாறுறதை அவரு கண்ணால பாத்தாரு. ரத்தமெல்லாம் வடிஞ்சு போன மாதிரி ஆயிடுச்சு அவருக்கு.

சிஸ்டர் ஓடி வந்து குழந்தையோட உள்ளங்காலைச் சுரண்டுனாங்க, முதுகைத் தேய்ச்சாங்க. அப்புறம் இவரு முகத்தைப் பாத்தாங்க.

"என்ன ஐயா பண்றீங்க? நீங்க மூச்சு விடுறீங்களா இல்லையா?"

இவரு இல்லைன்னு தலையாட்டுனாரு.

"விடுங்க மூச்சை. நல்லா இழுத்து விடுங்க. உங்க நெஞ்சு ஏறி இறங்குறது தெரிஞ்சாத்தான் அவளுக்கு ஞாபகம் வரும். நீங்களே பிடிச்சு வச்சுக்கிட்டா அது யாரைப் பாத்து விடும்?"

விட்டாரு. அழுகையும் மூச்சும் சேந்து வந்துச்சு. நெஞ்சு மேல போச்சு, கீழ வந்துச்சு. பாப்பாவும் கூடவே ஆடுச்சு. மறுபடியும் இழுத்தாரு. துணிக்குள்ள ஒரு சின்ன விக்கல் மாதிரி ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு. மானிட்டர்ல கோடு எழுந்து ஓட ஆரம்பிச்சுது. உதட்டுல சிவப்பு திரும்புச்சு.

"அவ்வளவுதான்"னு சொல்லிட்டு சிஸ்டர் அடுத்த பெட்டிக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு அது அவ்வளவுதான். இவரு மானிட்டர்ல இருந்து கண்ணை எடுக்கல.

மூச்சு விட்டுக்கிட்டே கிடந்தாரு. விடுறது எப்படின்னு மறந்துடுமோன்னு பயந்து பயந்து விட்டாரு. வாய் பழக்கத்துல "மேல இருக்கறவரே"ன்னு ஆரம்பிச்சுது. அங்கயே நின்னுடுச்சு.

அவரு தாடைக்குக் கீழ அந்தத் தலை இருந்துச்சு. அவரு அசைஞ்சா அது சாயுது. தானா நிமிர்த்த அதுக்குத் தெம்பு இல்ல. ஒரு வாய்ப் பாலைக் கூட இன்னொருத்தர் குழாய் வழியா விடணும். அதைப் பாத்துக்கிட்டே இருந்தவருக்கு, குளிர்ந்த தண்ணியை முதுகுல ஊத்துன மாதிரி ஒரு நினைப்பு வந்து விழுந்துச்சு. ஆண்டவரும் இப்படித்தானே வந்தாரு.

புதுசா ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல இருந்து கிறிஸ்துமஸ் தவறாம கேட்டதுதான். ஏதோ ஒரு ராஜா உலகத்துல இருக்கற ஜனத்தையெல்லாம் எண்ணச் சொன்ன காலம். ஊரு, நாடு, ஆட்சி எல்லாத்தோடயும் சேத்துச் சொல்லுவாங்க. இடம் கிடைக்காம பொறந்த குழந்தையை மாடு தின்னுற தொட்டியில போட்டாங்கன்னு சொல்லுவாங்க. மேலோகம் ஃபேனுக்கு அடியில உக்காந்து தலையாட்டிக்கிட்டேதான் கேட்டாரு. ஆனா அந்தக் குழந்தைக்குக் கழுத்து நின்னிருக்காதுங்கிறது ஒரு நாளும் அவருக்குத் தோணல. வானத்தையும் பூமியையும் பிடிச்சுக்கிட்டு இருக்கறவருக்குத் தன் தலையைப் பிடிக்க முடியல. அவரைப் பெத்த ஒரு சின்னப் பொண்ணு பிடிச்சிருக்கா. அவ அசந்து தூங்குன நேரத்துல அவ புருஷன், அந்தத் தச்சர் பிடிச்சிருப்பாரு. அவரோடதும் மரம் அறுத்த கைதானே, காய்ச்சுப் போன கைதானே. இந்தச் சின்னதை எப்படிப் பிடிக்கிறதுன்னு அவருக்கும் வெலவெலத்திருக்கும். அந்தக் கை ஒரு நிமிஷம் வழுக்கியிருந்தா?

மேலோகத்துக்கு அதுக்கு மேல நினைக்கப் பயமா இருந்துச்சு. "ஐயோ"ன்னு மெதுவா சொன்னாரு.

சிஸ்டர் திரும்பிப் பாத்தாங்க. "என்ன ஐயா? வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர். ஆண்டவருக்குக் கழுத்து நின்னிருக்காதுல்ல?"

"யாருக்கு?"

"ஆண்டவருக்கு. பொறந்தப்ப."

சிஸ்டர் மருந்து ஊசியை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துக்கிட்டே, "குழந்தையாப் பொறந்தா யாருக்கும் நிக்காது ஐயா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

வெளிய வந்தவரைப் பாத்து சம்சாரம் பயந்துடுச்சு. "ஏங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"மூச்சு விடுறா. நான் விட்டா அவளும் விடுறா."

"அப்புறம் ஏன் இப்படி இருக்கீங்க?"

"அவரு வந்துட்டாருடி"ன்னாரு. "இங்க வந்துட்டாரு. நான் என்னமோ மேலயே உக்காந்திருக்காருன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

சம்சாரம் முந்தானையால முகத்தைத் துடைச்சுக்குச்சு. "அன்னைக்கே சொன்னேன்ல, என்னமோ தப்பா இருக்குன்னு"ன்னுச்சு. சொல்லிட்டு இருமுச்சு.

மத்தியானம் கைகாட்டி வந்தாரு. சேறு ஒட்டுன பூட்ஸோட வாசல்லயே நின்னாரு, உள்ள வரக் கூச்சம். மேலோகம் இறங்கிப் போய் அவரு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டது அதுதான் முதல் தடவை.

"நான் உனக்கு ஒரு நாள் தப்பாச் சொல்லிட்டேன்யா"ன்னாரு. "லோடு தொங்கும்போது ஆபரேட்டர் இறங்க மாட்டாருன்னு சொன்னேன்ல? அவரு இறங்கிட்டாரு. இறங்குனது மட்டுமில்ல, தொங்குற லோடுக்கு அடியில வந்து நின்னுட்டாரு. யாரும் நிக்கக் கூடாத இடத்துல. சிலுவையில அது அவரு மேலயே விழுந்துச்சு."

கைகாட்டி ஹெல்மெட்டைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சாரு. "இதைத்தானேய்யா உங்க சபையில வாரா வாரம் சொல்றாங்க? ரோட்டுல போற எனக்கே கேக்குது, மைக்கு போட்டுல்ல சொல்றாங்க."

"ஆமா."

"பின்ன இப்ப என்ன உனக்குப் புதுசா அதிர்ச்சி?"

"கேட்டுக்கிட்டுதான்யா இருந்தேன்"ன்னாரு மேலோகம். "தூக்கிப் பாக்கல."

கைகாட்டி கிண்டல் பண்ணல. வெயில்ல நின்னு வானத்தை ஒரு தடவை பாத்தாரு, அப்புறம் தன் பூட்ஸைப் பாத்தாரு. "பாப்பாவைப் போய்ப் பாருய்யா. இங்க நின்னு பேசிக்கிட்டு"ன்னு தள்ளி விட்டாரு.

அதுல இருந்து மேலோகத்துக்கு நாற்காலிதான் கேபின். விடிஞ்சதும் போவாரு, கட்டிக்குவாரு, மூச்சு விடுவாரு. அதைத் தவிர அவருக்கு வேற வேலை இல்ல. மானிட்டர் நடுவுல ரெண்டு மூணு தடவை கத்துச்சு. ஒவ்வொரு தடவையும் உசிரு போய் உசிரு வந்துச்சு. ஜெபம் மட்டும் மாறிப் போச்சு. "மேல இருக்கறவரே"ன்னு வர்ற இடத்துல, "கூட இருக்கறவரே"ன்னு வந்துச்சு. சொல்லும்போதெல்லாம் தூக்கிவாரிப் போடும். இவ்வளவு கிட்டயா இருக்காருன்னு.

பொண்ணு கண்ணு முழிச்சு, தெளிஞ்சு, ஒரு நாள் சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டு வந்தாங்க. முகமெல்லாம் வீங்கி, வெளுத்துப் போய் இருந்துச்சு. அப்பாவைப் பாத்துச்சு. வெறும் நெஞ்சோட, தலையில தொப்பி போட்ட ஒரு உருண்டையைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கற அப்பாவை. கழுத்து நிக்காத குழந்தையைப் பாத்தாலே எழுந்து போயிடுற அப்பாவை.

"அப்பா, நீங்களா?"

"ஷ்ஷ். தூங்குறா."

சிஸ்டர் துணியை அவுத்து, குழந்தையை எடுத்து, பொண்ணு நெஞ்சுல படுக்க வச்சுக் கட்டுனாங்க. மேலோகத்துக்கு நெஞ்சு சில்லுன்னு ஆயிடுச்சு, இத்தனை நாள் இருந்த சூடு போனதும். சட்டையைக் கூட மாட்டாம அப்படியே நின்னு பாத்தாரு.

பொண்ணு கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. தலை ஒரு பக்கம் சாஞ்சு கிடக்குற குழந்தையைப் பாத்து மிரண்டு போய், பல்லைக் கடிச்சுக்கிட்டு, அசையாம, கண்ணு ரெண்டும் பிதுங்க உக்காந்திருந்துச்சு. அவரு பொண்ணாச்சே.

மேலோகம் குனிஞ்சு அது தலையில கை வச்சாரு.

"மூச்சு விடும்மா"ன்னாரு. "நீ ஆடலாம். ஆடுனாத்தான் அவளுக்குத் தெரியும், கூட ஆளிருக்குன்னு."